கரையின் பொதுப் பணம்: சமமாகவா, தேவை பார்த்தா, கட்டியதற்கு ஏற்பவா?

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் சாயல்குடிக்கும் இடையே தென்கடல் எனும் மன்னார் வளைகுடா ஓரமாக இருக்கிறது. கரையில் மீன் ஏலம் போகும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் ஊர் மகமையாகப் பிடிக்கப்படும். ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தப் பணம், திருவிழாவுக்கும் தெருவிளக்குக்கும் செலவானது போக, இப்போது 12 இலட்சம் ரூபாயாக நிற்கிறது. ஊரில் தலைக்கட்டு, அதாவது குடும்பம், 300. இனியும் வங்கியில் போட்டு வைக்காமல் இதை மக்களுக்கே கொடுத்துவிடுவது என்று கமிட்டி தீர்மானித்துவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் முடிவில்லாமல் கலைந்தன. மகமைக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், அங்கே பேசப்பட்ட வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். இதே கேள்வி மற்ற ஊர்களுக்கும் வரக்கூடியது என்பதால் அதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பேசப்பட்ட வழிகள் நான்கு. எந்தப் படகு எவ்வளவு மகமை கட்டியதோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பது முதல் வழி. இல்லாதப்பட்ட குடும்பங்களை மட்டும் கணக்கெடுத்து அவர்களுக்குக் கொடுப்பது இரண்டாவது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது மூன்றாவது. யார் கையிலும் பணமாகக் கொடுக்காமல் ஊருக்குப் பொதுவாக ஒன்றைக் கட்டிவிடுவது நான்காவது. ஒரு சிற்றூரின் சச்சரவாகத் தோன்றினாலும், ஏற்றத்தாழ்வைப் பற்றியும் பங்கீட்டைப் பற்றியும் உலகம் முழுவதும் நடக்கும் வாதம் இந்த நான்குக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகையால் அரசு செய்து பார்த்தவற்றையும், ஆய்வாளர்கள் கண்டவற்றையும், நம் கரையின் வழக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ஏற்றத்தாழ்வு அத்தனையையும் வெறுப்பவர்கள் அல்லர். இரவு ஏலம் முடிந்தபின் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியைச் சுற்றி ஐந்து பேர் குத்தவைத்து, ஒருவர் கைப்பேசி விளக்கைப் பிடிக்க, இன்னொருவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நோட்டுகளை எண்ணிப் போடும் காட்சியை இந்தக் கரையில் எவரும் பார்த்திருப்பார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும் போகும். மறுபாதியைப் போன ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். படகுக்காரருக்கு மட்டும் ஏன் பாதி என்று எந்த ஆளும் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. வலை கிழிந்தாலும் இயந்திரம் பழுதானாலும் அவர் தலையில்தான் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். டீசல் எத்தனை லிட்டர் என்று சொல்லாமல் ஒரு தொகையை மொத்தமாகக் கழிக்கும் நாளில்தான் குரல் உயரும். தொகை குறைந்ததைவிடக் கணக்கை மறைத்ததே அவர்களுக்குப் பெரிய வலியாக இருக்கிறது.

அதேபோல், இழப்புக்கும் ஆதாயத்துக்கும் அதிர்ஷ்டம் எவ்வளவு காரணம் என்பதைக் கடலுக்குப் போகிறவனைப் போல அறிந்தவர் குறைவு. ஒரே காற்றில், ஒரே நீரோட்டத்தில், ஒரே வகை வலை போட்ட இரண்டு படகில் ஒன்று கணவாயோடு வரும், மற்றது வெறும் காரல் பொடியோடு வரும். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒப்பிட்டு அலெசினா, கிளேசர், சாசர்டோட் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2001இல் எழுதிய ஆய்வில், வருமானத்தைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டமே என்று நம்புவோர் ஐரோப்பாவில் 54 விழுக்காடு, அமெரிக்காவில் 30 விழுக்காடு என்று காட்டினார்கள். ஏழைகள் சோம்பேறிகள் என்று நினைப்போர் அமெரிக்காவில் 60, ஐரோப்பாவில் 26. அதிர்ஷ்டத்தை நம்பும் சமூகம் பங்கீட்டை ஏற்கிறது, உழைப்பு ஒன்றே காரணம் என்று நம்பும் சமூகம் அதைத் தயங்குகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. நம் ஊரில் இந்த இரண்டு நம்பிக்கையும் ஒரே வாயில் வருகின்றன. தன் படகு வெறுமையாக வந்தால் அது கடலின் செயல். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அவன் குடித்துக் கெட்டான். கூட்டத்தில் பேசப்பட்டவற்றை எடைபோடும்போது இதை நான் மறக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் வழிக்கு வருவோம். கட்டியவருக்கே திருப்பிக் கொடுப்பது நேர்மையானது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். என் நோட்டில் அதிகம் கட்டிய படகின் கணக்கு 58,000 ரூபாய். தூண்டில் மட்டும் போடும் ஒருவருடைய கணக்கு 3,000 சொச்சம். இந்த எண்கள் சரியானவை. ஆனால் அவை யாருடைய பணம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. ஒரு நாள் விற்பனை 20,000 ரூபாய் என்று வையுங்கள். மகமை 200, செலவு 5,000 போக மீதி 14,800. பாதி 7,400 படகுக்கு. மறுபாதியை நான்கு ஆட்கள் பிரித்தால் ஆளுக்கு 1,850. மகமை பிடிக்காமல் இருந்திருந்தால் ஆளுக்கு 1,875 வந்திருக்கும். அதாவது அந்த 200இல் படகுக்காரர் கொடுத்தது 100, மீதி 100 ஆட்கள் நால்வரும் ஆளுக்கு 25 ஆகக் கொடுத்தது. என் நோட்டிலோ 200உம் படகின் பெயரில் ஏறியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக நானே அப்படித்தான் எழுதி வந்தேன். இந்தக் கட்டுரைக்காகக் கூட்டிப் பார்க்கும்வரை அது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கடற்பாசி எடுக்கும் பெண்கள் பெயரில் என் நோட்டில் ஒரு ரூபாய் இல்லை, ஏனென்றால் பாசி ஏலத்துக்கு வருவதில்லை, வியாபாரி நேரே எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார். மரிக்கொழுந்து என்ற பாசியைப் பறித்துவிட்டு வரும் ஒரு பெண், கரையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றிய துணிக் கிழிசலை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதை அருகிலிருந்து பார்த்தால், அடியில் விரல் நுனி வெளுத்து ஊறி, பாறை கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பது தெரியும். ஏலத்தைக் கடந்து போவதை மட்டுமே அளக்கும் ஒரு கணக்கை உழைப்பின் கணக்கு என்று சொல்வது தவறாகிவிடும். முதல் வழியை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அதன் பின்னால் இருக்கும் உணர்வை மட்டும் ஒதுக்க மாட்டேன். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500, மாநிலம் 1,500, மத்திய அரசு 1,500 என்று சேர்த்து, மீன்வரத்து குறைந்த மாதங்களில் 4,500 ஆகக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தை வாங்கிவருகிறவர்கள் “எங்க காசு” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தான் போட்டதும் அதில் இருக்கிறது என்பதால் தலை நிமிர்ந்து வாங்குகிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த உணர்வு கெடாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி மனத்துக்கு உடனே பிடிப்பது. 300 குடும்பத்துக்கும் பிரித்தால் தலைக்கு 4,000. இல்லாதப்பட்ட 60 குடும்பத்துக்கு மட்டும் கொடுத்தால் தலைக்கு 20,000. 4,000 ரூபாயில் ஒரு மாதக் கடைப் பாக்கி தீரும். 20,000 ரூபாயில் ஒரு கட்டு நண்டு வலை வாங்கலாம், வட்டிக்கு வைத்த தோட்டை மீட்கலாம். பணம் எங்கே அதிகப் பயன் தருமோ அங்கே போகட்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த 60 பேர் யார் என்று எழுதும் இடத்தில் வழி குறுகிவிடுகிறது.

கடல் வருமானத்தை யாராலும் அளக்க முடியாது. பருவத்தில் ஒரு வாரத்தில் வந்தது, கச்சான் காற்று ஓங்கும் மாதங்களில் வராமல் போகும். அரசே இதில் தடுமாறித்தான் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில், ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் என்பதோடு, நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று அளவுகள் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. பெரிய காரியம் அது. ஆனாலும் நிலமும் மின்கணக்கும் உழவனை ஓரளவு காட்டும், கடற்காரனைக் காட்டாது. எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு இருக்கிறது. வளைகுடா நாட்டில் பன்னிரண்டு ஆண்டு உழைத்த பணத்தில் கட்டியது. கட்டியவர் நோயோடு திரும்பிவந்து, இப்போது மனைவி கருவாடு கூறுகட்டி விற்கிறார். எந்தப் பட்டியல்காரரும் அந்த மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு புயலுக்குப் பிறகு எடுக்கப்பட்ட பட்டியலில் இப்படி நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இறந்துபோன கணவன் பெயரில் ஒரு வள்ளத்தின் பதிவு நீக்கப்படாமல் இருந்ததால், பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண் படகு உரிமையாளர் ஆகிவிட்டார். வள்ளம் கரையில் கவிழ்ந்து மக்கிக் கிடந்தது. அதன் மேல் கோழி அடைந்தது. மனு எழுதிக் கொடுத்தவன் நான். மூன்று முறை போய்வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது, பட்டியலில் பெயர் இருந்த பலர் அவருக்கு நேர்ந்தது தவறு என்று அறிந்தும், வாய் திறந்தால் தங்கள் பெயரையும் கிளறுவார்கள் என்று பேசாமல் இருந்ததுதான். தகுதி பார்த்துப் பட்டியல் எடுக்கும்போது, தகுதியான சிலர் விடுபடுவதும் தகுதியில்லாத சிலர் சேர்வதும் ஒருபுறம் இருக்க, அக்கம்பக்கத்தவரையே ஒருவருக்கொருவர் வேவு பார்க்கிறவர்களாக அது மாற்றிவிடுகிறது. இந்தச் செலவு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை.

அந்தப் பெண் போன கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பேச்சு முற்றியபோது அவர் கேட்டது இதுதான்: “எனக்கு எம்புட்டுன்னு கேக்கல. யாரு பேரு எழுதுறீக, எதை வச்சு எழுதுறீக, அதைச் சொல்லுங்க.” யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று பதில் இருக்கவில்லை.

மூன்றாவது வழியான சமப் பங்குக்கு நம் மாநிலத்தில் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1997இல் நாடு முழுவதும் ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வசதியான வீட்டுக்கும் அட்டை உண்டு; ஆனால் வேண்டாதவர் அரிசி வாங்காமல் சர்க்கரை அட்டையோடு நின்றுகொள்கிறார். யாரும் யாரையும் விலக்கவில்லை, அவர்களே விலகிக்கொள்கிறார்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் கொண்டுவந்ததிலும் இதே நுட்பம் இருக்கிறது. கூட்ட நெரிசலில் நின்று போக மனமுள்ளவர் ஏறுகிறார், கார் வைத்திருப்பவர் ஏறுவதில்லை, வாசலில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இராமநாதபுரம் சந்தைக்கு மீன் கூடையோடு போகிற பெண்ணும் கல்லூரிக்குப் போகிற பெண்ணும் அடுத்தடுத்த இருக்கையில் உட்காருகிறார்கள்.

எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால் இன்னொரு பலனும் உண்டு. ரேஷன் கடையில் அரிசி புழு வைத்திருந்தால் குரல் கொடுக்கத் தெரிந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். கோர்ப்பி, பால்மே என்ற இரண்டு சுவீடன் அறிஞர்கள் 1998இல் பணக்கார நாடுகளை ஒப்பிட்டு, எல்லாருக்கும் கொடுத்த நாடுகளில்தான் ஏற்றத்தாழ்வு அதிகமாகக் குறைந்தது, ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நாடுகளில் அவ்வளவு குறையவில்லை என்று காட்டினார்கள். தனக்கு ஒன்றும் இல்லாத திட்டத்துக்கு நடுத்தர மக்கள் ஆதரவு தருவதில்லை, அதனால் திட்டத்துக்கான பணமே சுருங்கிப்போகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எங்கள் ஊருக்கு அவர்கள் விளக்கம் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். மகமை யாரும் சட்டம் போட்டு வாங்குவதல்ல. நாளைக்கே நான்கு படகுக்காரர்கள் சேர்ந்து, இனி மண்டபத்தில் கொண்டுபோய் விற்கிறோம் என்று சொல்லிவிட்டால் மகமை நின்றுவிடும்.

சமப் பங்கின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு ஃபைபர் படகு வைத்திருக்கும் வீட்டுக்கு 4,000 ஒரு பொருட்டே அல்ல. அதே தொகை, கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டுக்குப் போதவும் போதாது. சமமாகக் கொடுத்துவிட்டோம் என்று கை கழுவிக்கொள்ள அது இடம் தருகிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்களும் கூலி ஆட்களும் சொல்லும் மனக்குறையும் இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும்போது, படகின் உரிமையாளருக்கும் அதில் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே தொகை. அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒருவருக்கு அது பழுதுபார்ப்புச் செலவில் ஒரு துளி, மற்றவருக்கு அந்த இரண்டு மாதத்துச் சோறு.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் கிடங்கு கட்டலாம் என்கிறார்கள். ஐஸ் அதிகம் தேவைப்படுவது பெரிய படகுக்கு. பொதுவில் கட்டினாலும் பயன் ஒருபுறமாகச் சாயும். பாசியும் கருவாடும் காயவைக்க சிமெண்டுத் தளமும் ஒதுங்கிக்கொள்ளக் கூரையும் போடலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. பொதுச் சொத்து என்றாலே அது எல்லாருக்கும் சமம் என்று எண்ணாமல், யார் காலடி அதில் படும் என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இத்தனை வாதத்திலும் யாருக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியவில்லை. கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் தங்களை நடுத்தரம் என்றே சொல்லிக்கொண்டார்கள். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழைகள் பலர் தங்களை உள்ளதைவிட மேலாகவும், வசதியானவர்கள் பலர் தங்களை உள்ளதைவிடக் கீழாகவும் நினைத்திருந்தது தெரிந்தது. உண்மையான இடத்தைச் சொன்னபோது, தங்களை மேலாக எண்ணியிருந்த ஏழைகள் பங்கீடு கூடுதலாக வேண்டும் என்றார்கள். நாட்டளவில் இடைவெளி இன்னும் கண்ணுக்கு எட்டாதது. 2022-23இல் இந்திய மக்களில் உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டினர் வருமானத்தில் 22.6 விழுக்காட்டையும் சொத்தில் 40.1 விழுக்காட்டையும் வைத்திருந்தார்கள் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் பிக்கெட்டி உள்ளிட்டோரின் ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணைக் கரையில் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. பக்கத்துப் படகுக்கு ஒரு பங்கு கூடிப்போனால் கோபம் வருகிறது. கண்ணால் பார்த்து ஒப்பிட முடிந்த தூரத்துக்குள்தான் நம் நியாய உணர்வு வேலை செய்கிறது போலும்.

பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இந்தக் கரை அறிந்திருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1973இல் ஓர் உவமை சொன்னார். சுரங்கப் பாதையில் இரண்டு வரிசை வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பக்கத்து வரிசை நகரத் தொடங்கினால், நமக்கும் வழி பிறக்கும் என்று முதலில் மகிழ்கிறோம். நம் வரிசை அசையாமலே இருந்தால் அந்த மகிழ்ச்சி சினமாக மாறுகிறது. இறால் ஏற்றுமதியோடு விசைப்படகுகள் பெருகியபோது வள்ளக்காரர்களுக்கு நேர்ந்தது இதுதான். முதலில் நமக்கும் ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். வலைகள் அறுபடத் தொடங்கியதும் மோதல் மூண்டது. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் நிலைபெற்றது. பணத்தைப் பங்கிடாமல் கடலையும் நாளையும் பங்கிட்டார்கள். மீறல் உண்டு, குறை உண்டு. ஆனாலும் இன்று யாருடைய நாள் என்று எந்தச் சிறுவனும் சொல்லக்கூடிய விதி அது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கிருந்துதான் என் பரிந்துரை வருகிறது. தேவை பார்ப்பதை விட்டுவிட முடியாது. வருமானம் பார்த்து எழுதவும் முடியாது. அப்படியானால், தெருவில் நின்றபடியே எல்லாரும் அறியக்கூடிய, சொல்லிக்கொள்ள யாரும் வெட்கப்பட வேண்டாத ஓர் அடையாளத்தைக் கொண்டு தேவையைக் குறிக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வழக்கு இருக்கிறது: “கடலுக்குப் போக ஆள் இல்லாத வீடு.” கரைவலை இழுத்து முடிந்ததும் அந்த வீட்டுக்கென்று கறிக்கு மீன் ஒதுக்குவது என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடு, கைம்பெண் தனியாக நடத்தும் வீடு, ஊனத்தாலோ முதுமையாலோ ஆண் கரையிலேயே தங்கிவிட்ட வீடு எல்லாம் இதில் அடங்கும். அந்த மாடி வீடும் அடங்கும். மக்கிய வள்ளத்தின் பதிவு இதில் குறுக்கே வராது. நான் எண்ணிப் பார்த்ததில் அத்தகைய வீடுகள் 45.

ஆகவே கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு: தலைக்கட்டு 300க்கும் தலா 2,500 வீதம் 7,50,000. ஆள் இல்லாத வீடு 45க்கும் கூடுதலாகத் தலா 6,000 வீதம் 2,70,000. மீதி 1,80,000 பாசி, கருவாடு காயவைக்கும் தளத்துக்கும் கூரைக்கும். மூன்றையும் கூட்டினால் 12 இலட்சம். தன் பங்கு வேண்டாம் என்கிறவர் கையெழுத்துப் போடும்போதே விட்டுக்கொடுக்கலாம். அது தளத்துச் செலவில் சேரும். அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் சொன்னால் விட்டுக்கொடுக்காதவர்கள் சிறுமைப்படுவார்கள். இந்தக் கணக்கில் மிகவும் இல்லாதவருக்கு 8,500 வரும். இரண்டாவது வழியில் வந்திருக்கக்கூடிய 20,000 வராது. அந்த இழப்பு உண்மையானது. ஒருவரும் விடுபடாமல், ஒருவரும் ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல், அடுத்த ஆண்டும் மகமை தொடர்ந்து வருவதற்காக நாம் தரும் விலையாக அதை நான் பார்க்கிறேன். யார் எந்த இடத்தில் பிறப்போம் என்று தெரியாத நிலையில் முடிவெடுக்கச் சொன்ன ஆய்வுகளில், பிராலிக், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் நடத்தியவற்றில், பெரும்பாலான குழுக்கள் சராசரி வருமானத்தைக் கூட்டுவதை மட்டும் பார்ப்பதையும் தேர்ந்தெடுக்கவில்லை, கடைக்கோடியில் இருப்பவரை மட்டும் பார்ப்பதையும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் அடித்தளம் போட்டுவிட்டு அதற்கு மேல் அவரவர் போக்குக்கு விட்டார்கள். கறிக்கு மீன் ஒதுக்கும் நம் வழக்கமும் அதுதான்.

இரண்டு கூட்டத்திலும் யாரும் எழுப்பாத ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று இத்தனை பேசினோம், யாரிடம் எடுப்பது என்று பேசவில்லை. நாட்டிலும் அப்படித்தான், 1953இல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985இல் போனதும், பெரும் செல்வர்கள் மீதான செல்வ வரி 2015இல் போனதும் இந்தக் கரையில் ஒரு சலனத்தையும் உண்டாக்கவில்லை, ரேஷனில் ஒரு கிலோ குறைத்தால் சாலை மறியல் நடக்கும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஜக்காத் கொடுப்பவர்கள் நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கிடும்போது, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிப்பு உள்ளவருக்கே அது கடமை. எங்கள் மகமைக்கு அப்படி ஒரு கீழ் எல்லை கிடையாது. 800 ரூபாய் நண்டு விற்றவரிடமும் 80,000 ரூபாய் கணவாய் விற்றவரிடமும் நூற்றுக்கு ஒன்று. நாள் விற்பனையில் முதல் 3,000 ரூபாய்க்கு மகமை வேண்டாம் என்று வைத்தால், தூண்டில்காரரும் தெப்பத்தில் போகிறவரும் விடுபடுவார்கள், பொதுப் பணத்தில் பெரிய குறைவும் வராது. இதையும் கூட்டத்தில் வைக்கக் கேட்டிருக்கிறேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏலக் கொட்டகையில். 45 வீட்டின் பட்டியலை எழுதி முடித்து ஒட்டாமல், அடையாளத்தை முதலில் படித்து, அது சரி என்று ஊர் ஒப்பிய பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பது. விடுபட்டவர் அங்கேயே எழுந்து சொல்வது. பெண்களுக்குக் கொட்டகைக்கு உள்ளே பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன். மகமை நோட்டு வியாழக்கிழமையிலிருந்து எடைத் தராசுக்குப் பக்கத்து மேசையில் திறந்தே இருக்கும்; ஆட்களின் பங்கையும் சேர்த்துத் திருத்தி எழுதிய பக்கங்களில் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.